ஒரு தரம், ரெண்டு தரம்

தென்மாவட்டத் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்கள், பக்தி குறைந்துவிட்டது என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். சந்தையில் 40 ரூபாய்க்குப் போகாத பூசணிக்காய், மைக்கில் பெயர் சொன்னதும் அபிஷேகம் பெற்றுவிடுகிறது. மச்சான் ஆயிரம் என்கிறார். மாப்பிள்ளை இரண்டாயிரம் என்கிறார். இருவருக்கும் நடுவே வேலித்தகராறு கோர்ட்டில் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இருவரும் ஆண்டவருக்காகத்தான் கேட்கிறார்கள். முறைப்பது மட்டும்தான் ஒருவரையொருவர். ஐந்தாயிரத்தில் பூசணிக்காய் முடிகிறது. ஆலயக் கூரைக்கு ஓடு வந்தாயிற்று. மனஸ்தாபம் இல்லாத ஊர்களில் கூரை ஒழுகுவதாகக் கேள்வி.

தர்மத்தை மறைவாகச் செய்யும்படி மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதனால்தான் மின்விசிறி வாங்கிக் கொடுத்த அன்பர் தன் பெயரை இறக்கையில் எழுதியிருக்கிறார். சுற்றும்போது யாரால் வாசிக்க முடியும்? கரண்ட் போகும்போது தெரிந்தால் அது மின்வாரியத்தின் குற்றம்.

இன்னும் தாழ்மையானவர்களும் உண்டு. "பெயர் சொல்ல விரும்பாத சகோதரர், பத்தாயிரம்" என்று அறிவிப்பு வந்ததும் முன்வரிசையில் ஒருவர் இருமுகிறார். போன வருடமும் அதே இருமல்தான்.

சிக்கல் மாற்கு 12-ஆம் அதிகாரத்து ஏழை விதவையால்தான். இரண்டு காசைப் போட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். கல்வெட்டில் எப்படிப் பொறிப்பது? ரசீதை யார் பெயரில் கிழிப்பது? ஆகவே, காணிக்கைக் கவரில் பெயர், இனிஷியல், பட்டம் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள்.