உறுமட்டும் பேஸ்!

கே: என் பேஸ் கித்தாரில் 'தொம் தொம்' என்று சத்தம் வருகிறதே தவிர உறுமல் வரவில்லை. பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், புந்தோங்

ப: பெரிய ஆம்ப் வாங்கினால் பெரிய 'தொம் தொம்' கிடைக்கும். வெள்ளியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் வலது கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கழுத்துப் பக்கம் நின்றால் தந்தி தளர்வாக ஆடும், சத்தமும் மெத்தென்று உருளும். கையை பிரிட்ஜ் பக்கமாக நாலு விரற்கடை நகர்த்துங்கள். அங்கே தந்தி விறைப்பாக இருக்கும், விரலோடு மல்லுக்கட்டும். அதை மீறி இழுக்கும்போதுதான் சத்தத்துக்குப் பல் முளைக்கும்.

கே: உறுமல், உறுமல் என்கிறார்களே, அது என்னதான்?
– வாசகி, கம்பார்

ப: தடித்த ஈ தந்தியை வெறுமனே மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். அதோடு 82, 123, 164 என்று மடங்கு மடங்காக வேறு அதிர்வுகளும் எழும். அடிச்சுரம் மட்டும் ஓங்கி மற்றவை அடங்கிப்போனால் 'தொம்'. ஏறக்குறைய 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள மடங்குகள் நிமிர்ந்து நின்றால் உறுமல். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. ஆனாலும் அதில் பாட்டின் பேஸ் நமக்குக் கேட்கிறது. மேலே உள்ள மடங்குகளை வைத்து அடிச்சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்கிறது.

கே: அப்படியானால் ஆம்ப்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருகிவிடட்டுமா?
– வாசகர், பீடோர்

ப: வேண்டவே வேண்டாம். மண்டபச் சுவர் அதிரும், சுரம் கேட்காது. ஏற்ற வேண்டியது 'மிட்'. அறையில் தனியாக வாசிக்கும்போது அது மூக்கால் பேசுவதுபோல் அசிங்கமாகத் தோன்றும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகு அதுதான் காப்பாற்றும். இன்னொன்று: கீபோர்டு வாசிப்பவரின் இடது கையைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எங்கே உறுமுவது?

கே: எவ்வளவு பலமாக மீட்ட வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

ப: உங்கள் வீட்டில் பால்மரம் வெட்டிய பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். உளி மேலோட்டமாகப் போனால் பால் சுரக்காது. ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். தந்திக்கும் அதே கணக்குத்தான். தடவினால் உறுமாது. ஓங்கி அறைந்தால் தந்தி ஃபிரெட்டுகளில் மோதிச் சடசடத்து, சுரமே செத்துவிடும். உரசியும் உரசாமலும் ஃபிரெட்டைத் தொட்டுப் போகிற ஓர் அளவு நடுவில் இருக்கிறது. தந்தியை மேலே கிள்ளாதீர்கள். கித்தாரின் உடம்பை நோக்கி அழுத்தித் தள்ளி, விரல் அடுத்த தந்தியில் போய் ஓய்வெடுக்கும்படி மீட்டுங்கள். தினம் அரை மணி நேரம் இதை மட்டும் செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

கே: தைப்பிங்கில் ஓயாத மழை. தந்தி வாங்கி இரண்டு மாதத்தில் ஊமையாகிவிடுகிறது. என்ன செய்ய?
– வாசகர், தைப்பிங்

ப: ஒரு பழைய தந்தியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். சுருள்களுக்கு இடையே கறுப்பாக ஏதோ அடைத்திருக்கிறதே, அது உங்கள் வியர்வையும் விரல் தோலும் துருவும்தான். உறுமல் அதற்குள் புதைந்து கிடக்கிறது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். வெந்நீரில் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தித் திரும்பக் கட்டினால் சில நாளுக்கு உயிர் வரும். வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்தி உறுமலுக்கு ஆகாது. 1966-இல் ஆங்கில பேஸ் கலைஞர் ஜான் என்ட்விஸ்டலோடு சேர்ந்து ரொட்டோசவுண்ட் நிறுவனம் உருட்டுச் சுற்றுத் தந்தியைச் செம்மைப்படுத்திய பிறகுதான் ராக் இசையில் பேஸ் வாய்திறந்து கத்த ஆரம்பித்தது.

கே: பழைய பேஸ் ஒன்று வாங்கினேன். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் பஞ்சுத் துண்டு இருக்கிறது. எடுத்துவிடலாமா?
– வாசகர், பத்து காஜா

ப: எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் ஃபெண்டர் போன்ற நிறுவனங்கள் நின்று ஒலிக்கிற சத்தத்தை அடக்க வைத்தது அது. தூக்கி மட்டும் எறியாதீர்கள். மெல்லிசைப் பாட்டுக்கு அந்த அடங்கிய 'தொம்' ஒருநாள் தேவைப்படும்.

கே: பிரிசிஷனா, ஜாஸா?
– வாசகர், தெலுக் இந்தான்

ப: 1951-இல் வந்த ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸில் நடுவில் ஒரே பிக்கப்தான். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்கம் இரண்டாவது பிக்கப் உண்டு, உறுமலின் வீடு அதுதான். பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் ஃபிரெட்டுகள் நீக்கப்பட்ட பலகையில் எப்பாக்சி பூசி, பின் பிக்கப்பை வைத்தே 1976-இல் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தார். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜாஸ் வாங்குங்கள்.

கே: பின் பிக்கப்பை மட்டும் வைத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறதே?
– வாசகி, மெங்லெம்பு

ப: அது சுவர் மின்சாரத்தின் குரல், நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49. இரண்டும் அண்டைவீட்டுக்காரர்கள், அதனால்தான் காது குழம்புகிறது. முன் பிக்கப்பையும் அதே அளவுக்குத் திறந்தால் இன்றைய கித்தார்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கே: எங்கள் தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயமும் இல்லை. தாத்தா அங்கே உறுமி வாசித்தவர், நான் தாமானில் பேஸ் வாசிக்கிறேன். இரண்டையும் ஒரே மேடையில் சேர்க்க முடியுமா?
– வாசகர், கோப்பெங்

ப: எனக்கு வந்த கேள்விகளிலேயே மனசுக்குப் பிடித்தது இதுதான். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் உறுமுகிற பேஸ் இருந்திருக்கிறது, தம்பி. பெயரிலேயே உறுமல் இருக்கிற வாத்தியம் வேறு எது? தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் உறுமிக்காரர் பக்கத்தில் போய் நின்று, அவர் இடது கையை மட்டும் பாருங்கள். வளைந்த குச்சி தோலை அடிப்பதில்லை, தேய்க்கிறது. குச்சி தோலைப் பற்றுகிறது, வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. அந்தப் பற்றலும் வழுக்கலும்தான் நெஞ்சுக்குள் இறங்கும் உறுமல். அழுத்தம் மாற மாறச் சுரம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். பேஸில் அதைக் கொண்டுவர, ஏ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை மீட்டி, விரலை எடுக்காமல் ஐந்துக்கு இழுத்துக்கொண்டு போங்கள். சுருள் தந்தி விரலடியில் கரகரக்கும். அதைத் துடைத்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியதே அதுதான். மேடையில் உறுமி தேய்க்கும்போது நீங்கள் ஒரே சுரத்தில் நில்லுங்கள். அது அடிக்கு மாறும்போது நீங்கள் வழுக்குங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உறுமினால் வெறும் சத்தம்தான். கித்தா மரம் போயிற்று, லயம் போயிற்று. அந்த உறுமி இன்னும் வீட்டில் இருந்தால் தோலைச் சரிபார்த்து முதலில் மைக் முன்னால் வையுங்கள்.

கே: தமிழ்ப் பாட்டில் பேஸ் கற்றுக்கொள்ள யாரைக் கேட்கலாம்?
– வாசகர், தாப்பா

ப: இளையராஜா பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரனைக் கேளுங்கள். அங்கே பேஸ் இன்னொரு மெட்டாகவே நடக்கும். ஏ.ஆர். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் விடாதீர்கள். ஹெட்ஃபோன் போட்டு, பாடுபவரை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

கே: பெடல் வாங்கலாமா?
– வாசகர், தஞ்சோங் மாலிம்

ப: கடைசியாக வாங்குங்கள். வாங்கினால் சுத்தமான சத்தத்தையும் கூடவே கலக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கரகரப்பு வரும், அடி காணாமல் போகும்.

கே: என் 15 வயது மகள் பேஸ் கற்க வேண்டும் என்கிறாள். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அது, வீணை வாங்கிக் கொடு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், ஈப்போ

ப: அக்கா, உலக மேடைகளில் பேஸ் வாசிக்கும் மோகினி டே மும்பையில் வளர்ந்தவர், சின்ன வயதில் அப்பாவிடம் கற்றவர். பிள்ளைக்கு 34 அங்குலத் தந்தி எட்டாவிட்டால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது. கடைக்கு அவளையே கூட்டிப் போங்கள், அவள் கையிலேயே கொடுத்து மீட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு செட் உருட்டுச் சுற்றுத் தந்தியும் வாங்கி வாருங்கள்.