525 மடங்கு மருமகன்

வாங்க மருமகன், இப்பிடி இருங்க. டோஹாவில இரிந்து வந்து பேக் இன்னும் முழுசா அவிழ்க்கல்ல, அதுக்குள்ள டெலஸ்கோப்பு வாங்கப் போறீங்களாம் எண்டு மகள் சொன்னா. மாமி அதக் கேட்டுட்டு, "வானத்துல என்னத்த மறந்து வெச்சிட்டு வந்தாராம்?" எண்டா. நான்தான் உங்கட பக்கம் பேசினன். கல்முனையில வெளிநாட்டுச் சல்லி வந்தா ஓட்டோ வாங்குவாங்க, கடை போடுவாங்க, கட்டின வீட்ட இடிச்சி மறுகா கட்டுவாங்க. நம்மட மருமகன் சனிக்கோளுக்குச் செலவழிக்கப் போறாரு, குடும்பத்துக்கு அது ஒரு மரியாததானே எண்டு சொன்னன். மாமி ஒண்டும் பேசல்ல. மாமி பேசாம இரிந்தா என்ன கருத்து எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல.

முதல்ல ஒரு சந்தேகம். அத எங்க வெச்சிப் பாக்கப் போறீங்க? மேல்மாடியிலயா? நல்லம். மாடி ஆருட பேருல இரிக்கி? நம்மட ஊரு வழக்கத்துக்கு வீடு வளவு எல்லாம் பொண்ணுட பேருல. அப்ப சந்திரனப் பாக்கிறதுக்கும் மகள்ட உத்தரவு வேணும். உத்தரவு கிடைச்சாலும் அந்தக் கொங்கிறீட்டு பகல் முழுக்க வெயில வாங்கி வெச்சிட்டு இஷாவுக்குப் பிறகும் சூட்டக் கக்கிக்கிட்டு இரிக்கும். சூடு மேல எழும்பக்குள்ள வியாழன் நடுங்கும். நீங்க கம்பனியக் குற சொல்லுவீங்க. வியாழன நடுங்க வெக்கிறது நான் மேசனுக்குக் காசி குடுத்துப் போட்ட மாடி.

சரி, அந்தப் போனக் குடுங்க, சாமானப் பாப்பம். ஓ, பெட்டி வடிவாத்தான் இரிக்கி. சனி, வளையத்தோட பெட்டி முழுக்க. மேல என்ன எழுதியிரிக்கி? 525 மடங்கா! மருமகன், கலிலியோ 1610ல வியாழனச் சுத்துற நாலு நிலாவையும் கண்டுபிடிச்சது கிட்டத்தட்ட 20 மடங்குக் குழாயால. நீங்க அவர விட இருபத்தாறு மடங்கு பெரிய ஆள் எண்டு இந்தக் கடக்காரன் சொல்றான். சந்தோசம்தான். ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். குழாய்ட குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கூட வாற ஆகச் சின்னக் கண்வில்ல 4 மில்லிமீட்டர். 700ஐ 4ஆல பிரிங்க, 175. மறுகா, "பார்லோ" எண்டு மூணு மடங்காக்கிற ஒரு துண்டையும் போட்டுத் தாறான். 175ஐ மூணால பெருக்குங்க. 525 வந்திட்டா? கணக்குல கள்ளம் இல்ல. கள்ளம் வேறெங்கயோ இரிக்கி. முன் கண்ணாடிட அகலம் 60 மில்லிமீட்டர். அகலத்துல ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு, அதுக்கு மேல எந்தக் கண்ணாடியாலயும் ஒழுங்காக் காட்ட ஏலா. 60க்கு 120, அதோட முடிஞ்சி. அதுக்கு அங்கால போறது ஒரு சட்டித் தயிர ஊருக்கே கரைச்சி ஊத்தின மாதிரி. கோப்ப நிறையும், தயிர் இரிக்காது.

ஆகவே கடக்குப் போனா "எத்தின மடங்கு" எண்டு கேக்காதீங்க. "கண்ணாடி எத்தின மில்லிமீட்டர்" எண்டு கேளுங்க. கடக்காரன் முகம் ஒள்ளுப்பம் மாறும். மாறினா அடுத்ததாக் காலத் தொட்டுப் பாருங்க. கடக்காரன்ட கால இல்ல, ஸ்டாண்டுட கால. குழாய்ல விரலால தட்டினா ஆட்டம் அடங்க எவ்வளவு நேரம் போகுது எண்டு எண்ணுங்க. கச்சான் காத்து அடிக்கக்குள்ள இந்த ஈக்கிக் காலுல நிண்டு நீங்க சனியப் பாக்க மாட்டீங்க, சனிதான் உங்களக் குலுக்கிக் குலுக்கிப் பாக்கும்.

இன்னொண்டு. பெட்டிக்குள்ள "சன்" எண்டு எழுதின கறுத்த கண்ணாடித் துண்டு ஒண்டு கிடந்தா உடைச்சிக் குப்பையில போடுங்க. கண்ணுப் பக்கம் பூட்டுற அந்தச் சாமான், குழாய் கூட்டிச் சேக்கிற வெக்கையில வெடிக்கும். வெடிச்சா மறுகா கண்ணு இல்ல. இதுல பகிடி இல்ல மருமகன். சூரியனுக்குப் போடுற வடிகட்டி குழாய்ட முன்வாயில போடுற மாதிரி இரிக்கணும். 2027 ஆகஸ்ட் 2ஆந் தேதி மக்காவில பட்டப்பகல்ல சூரியன் முழுசா மறையப் போகுது. ஜித்தாவில வேல செய்ற உங்கட காக்காக்கிட்ட இப்பவே சொல்லி வெய்ங்க, கிரகணக் கண்ணாடி இல்லாம மேல பாக்க வேணாம் எண்டு.

விலை கூடினது வேணும் எண்டா ஒரு இரும்புத் தலையோட வாற ஸ்டாண்டக் காட்டுவான். வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராச் சாய்ச்சிப் பூட்டினா வானத்தோட சேந்து தானாக் கிறுகும் எண்டுவான். லண்டன்ல கிறுகும். அங்க துருவ நட்சத்திரம் 51 பாகை உசரத்துல நிக்குது. நம்மட கல்முனையில வெறும் 7 பாகை. அதென்ன 7 பாகை எண்டா, பக்கத்து வளவுத் தென்னைக்குப் பின்னால எண்டு கருத்து. சில ஸ்டாண்டு அவ்வளவு பணியச் சாயவே சாயாது. சாய்ஞ்சாலும் பாரக்கட்டி வந்து காலுல முட்டும். ஐயாயிரம் மைலுக்கு அங்கால இரிக்கிறவன்ட வானத்துக்குச் செஞ்ச சாமானத் தூக்கிக்கிட்டு வந்து பக்கத்து வீட்டுத் தென்னைய வெட்டச் சொல்லிச் சண்ட பிடிக்காதீங்க. கம்பியூட்டர் வெச்சது எண்டால் தானாத் தேடுமாம். ஆனா தேட முன்ன, நீங்க அதுக்கு ரெண்டு நட்சத்திரத்தப் பேர் சொல்லிக் காட்டணும். ரெண்டு நட்சத்திரத்த உங்களுக்குத் தெரியுமா? தலையச் சொறியாதீங்க, மாமா சும்மா கேட்டன்.

மறுகா, நோன்புப் பிறைய இனி நாங்கதான் முதல்ல காணுவம் எண்டு மச்சினனுக்கிட்ட சொல்லியிரிக்கீங்களாம். கடற்கரையில குழாய நட்டு வெச்சி. மருமகன், தலப்பிறை எந்தத் திசையில தெரியும்? மேக்கே. நம்மட கடல் எந்தத் திசையில? கிழக்கே. கடலப் பாத்துக்கிட்டு நிண்டா 14ஆம் பிறைதான் வரும், அதக் கண்டுபிடிக்க டெலஸ்கோப்பு தேவல்ல. பிறை பாக்கிறவன் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வட்டைப் பக்கம் போகணும், சம்மாந்துறப் பக்கமா, கண்ணுக்கெட்டின தூரம் வேளாண்ம கிடக்கிற இடமாப் பாத்து. டாஞ்ஜோன் எண்ட பிரான்ஸ்காரர் ஒருவர் 1930களில கணக்குப் பாத்து எழுதி வெச்சிரிக்காரு, சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிட்டத்தட்ட 7 பாகை இடவெளி இல்லாட்டி பிறை கண்ணுக்குத் தெரியாது எண்டு. அந்த இடவெளிய உங்கட ரியாலால வாங்க ஏலா. தெரிஞ்சாலும் கொழும்புப் பெரிய பள்ளியில கண்ணால கண்டவன்ட சாட்சியத்தான் கேப்பாங்க. நீங்க குழாய்க்குள்ளால கண்டன் எண்டு சொன்னா, அங்க ஒரு வாக்குவாதம், இஞ்ச ஒரு வாக்குவாதம், பெருநாள் அண்டைக்கு மாமி ஆக்கின புரியாணி ஆருக்கு எண்டு இன்னொரு வாக்குவாதம்.

வட்டைக்குப் போறதெண்டா தனியப் போகாதீங்க. இருட்டு நல்லாத்தான் இரிக்கும், ஆனா யானைக்கும் அந்த இருட்டு நல்லம். கடற்கரையில யானை இல்ல, அங்க உப்புக் காத்தும் மணலும் ரோந்துக்காரரும். ராவைக்கு மூணு காலுல ஒரு குழாய வானத்துக்கு நீட்டி வெச்சிக்கிட்டு நிக்கிறவன், "சேர், சனிக்கோள் பாக்கிறன்" எண்டு சொன்னா ஆரு நம்புவா? முன்கூட்டியே சொல்லி வெச்சிட்டுப் போங்க. சிங்களத்துல சொல்லப் படிச்சிக்கிட்டும் போங்க.

வாங்கினாலும் எப்ப பாப்பீங்க? உங்களுக்கு லீவு டிசம்பர்ல. நம்மட பக்கம் அது வாட. மழ ஊத்தும், வானம் மூடிக்கிட்டு இரிக்கும். பெட்டிக்குள்ள கிடக்கிற கண்ணாடியில பூஞ்சணம் பிடிச்சி, நீங்க அடுத்த லீவுக்கு வரக்குள்ள கண்ணாடியில காடு வளந்திரிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு, காத்துப் போகாத டப்பாவில வெச்சாத் தப்பலாம். ஆனா ஆரு வெக்கிற? மாமியா? நம்மட வானம் நல்லாத் திறக்கிறது மே மாதத்துல இரிந்து கச்சான் காலத்துல. அப்ப மேக்கே கொழும்புக்காரன் மழைக்குள்ள கிடப்பான், நமக்கு நல்ல உசரத்துல தேள் வாலச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கும், பால்வீதி அதுக்குப் பக்கத்தால கொட்டிக் கிடக்கும். தெக்கே சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம். அதுக்குக் கிட்ட கண்ணுக்குப் பஞ்சிப் பொட்டாத் தெரியிறது ஒமேகா சென்டாரி. கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரம் ஒண்டா இரிக்கிற கூட்டம். லண்டன்காரனுக்கு அது எழும்பவே எழும்பாது. நமக்கு 35 பாகை உசரத்துல நிக்குது, டிக்கட் இல்ல, கஸ்டம்ஸ் இல்ல. லீவ மாத்திக் கேளுங்க. டெலஸ்கோப்ப விட அது மலிவு.

எனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும் எண்டு பாக்கிறீங்க. மாமி நித்திரையான பிறகு உங்கட மகன்ட டெப் என்ட தலமாட்டுலதான் கிடக்கு. வேற ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க.

கடக்காரன் காட்டுற வான்முகில் படத்துல உள்ள நிறத்தையும் நம்பாதீங்க. அந்தச் செவப்பும் நீலமும் கமெராவ மணித்தியாலக் கணக்காத் திறந்து வெச்சி எடுத்தது. கண்ணுக்குத் தெரியிறது சாம்பல். மொரட்டுவ கட்டுபெத்தயில ஆர்தர் சி. கிளார்க் நிலையத்துல 1996ல ஜப்பான்காரன் தந்த 45 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பு இரிக்கி. அதுல கண்ண வெச்சாலும் அந்தப் படம் தெரியாது. குழாய் இல்லாமலும் காண ஏலும்: அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி எண்டவர் 964ல எழுதின நட்சத்திரக் கித்தாபுல, அந்த்ரோமேதா மண்டலத்த ஒரு சின்ன மேகம் எண்டு எழுதி வெச்சாரு. குழாய் இல்ல, கண்வில்ல இல்ல, கண்ணு மட்டும். பெட்டியில உள்ள சனிட வளையமும் ஏமாத்தும். 2025 மார்ச்சில நமக்கு நேர விளிம்பக் காட்டி மெலிஞ்சி போன வளையம், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சிதான் 2032 போல அகலமாகும். சனி உங்கட லீவுக்காக அவசரப்படாது.

ஆக, மாமா சொல்றது இதுதான். முதல்ல ஒரு பைனாகுலர் வாங்குங்க. கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்துல பெட்டிக்கடையில தொங்குற விளையாட்டுச் சாமான் இல்ல, ஒழுங்கான சாமான். 10×50 எண்டு எழுதியிரிக்கணும். பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர்க் கண்ணாடி. 7×50தான் படகுக்காரருக்கு வசதி, ஆனா அதுல வாற ஒளிக்கத்த 7 மில்லிமீட்டர். வயசான கண்ணுட பாவ 5 மில்லிமீட்டருக்கு மேல விரியிறது கஷ்டம், மிச்ச வெளிச்சம் வீண். 10×50ல ஒளிக்கத்த சரியா 5. நான் எனக்காகச் சொல்லல்ல. வீட்டுல வயசான ஆக்களும் இரிக்காங்க எண்டு சொல்றன். சந்திரன்ட குழியெல்லாம் தெரியும், கைய மதில்ல ஊண்டிப் புடிச்சா வியாழன்ட நிலா நாலும் தெரியும். பகல்ல கரைவலத் தோணி திரும்புறதும் தெரியும், எந்தத் தோணியில மீன் கூட எண்டும் தெரியும். விலை பேசப் போறவனுக்கு அது பிரயோசனம்.

ஆறு மாசம் போய், இன்னும் ஆச போகல்ல எண்டால், டோஹாவில இரிந்து பெட்டி பெட்டியாத் தூக்கிக்கிட்டு வராதீங்க. 6 அங்குலக் கண்ணாடி ஒண்டு, ரெண்டாவது சின்னக் கண்ணாடி, ரெண்டு கண்வில்ல, கிட்ட எட்ட நகத்துற பகுதி, இவ்வளவுதான். எல்லாம் சேந்து உங்கட உடுப்புப் பேக்குக்குள்ள அடங்கும். மிச்சமெல்லாம் பலக. ஜோன் டொப்சன் எண்டு ஒருத்தர், அமெரிக்காவில மடத்துச் சன்னியாசியா இரிந்தவர், கழிவுப் பலகையாலயும் கடதாசிக் குழாயாலயும் டெலஸ்கோப்பு அடிச்சி, 1968ல இரிந்து தெருவில வெச்சி, போற வாற சனத்தக் கூப்பிட்டுக் காட்டினாரு. இண்டைக்கு உலகம் முழுக்க அந்தப் பெட்டிக்கு அவர்ட பேர்தான். மேல கீழ, இடம் வலம், வேற கிறுக்கம் இல்ல. துருவ நட்சத்திரம் தென்னைக்குப் பின்னால இரிந்தாலும் அதுக்குக் கவல இல்ல. வழுக்கிறதுக்கு டெஃப்லான் துண்டு, ஃபோர்மிக்காத் தகடு. நாலடி நீளப் பலகக் குழாய். மூலைக்கு மூல சரியா இரிக்கணும், அவ்வளவுதான்.

நம்மட ஓடாவியாரு செய்வாரு. தோணி அடிச்ச கை, மூலை பிசகாது. கூலி என்ன எண்டு அவருக்கிட்ட கேக்காதீங்க, வெளிநாட்டுச் சல்லி எண்டு கண்டா ரெட்டிப்பாச் சொல்லுவாரு. நான் பேசி முடிக்கிறன். அவரு எனக்கு ஒரு பழைய கடன் தரக் கிடக்கு, நாலு வருஷமா என்னக் கண்டா அடுத்த ஒழுங்கையால போறாரு. பெட்டிய அவரு அந்தக் கணக்குல செஞ்சி கழிக்கட்டும். கூலிச் சல்லிய நீங்க எனக்கிட்டத் தாங்க. மாமிக்குத் தெரிய வேணாம்.