ரொக்கப் பார்ட்டி

வெள்ளகோவிலில் நாலு ஆம்பளைகள் சேர்ந்து வேன் பேசிப் புதுச்சேரி போகிறார்கள் என்றால் ஊர் ஒரு மாதிரி சிரிக்கும். "அரிக்கமேடு பாக்கப் போறமுங்க, ரோமாபுரிக்காரன் யாவாரம் பண்ணின எடம்" என்று விளக்கம் சொன்னால் சிரிப்பு இன்னும் அகலமாகும். ஊர் வாயை அடைக்கவே அத்தையையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டோம்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தோப்புக்கு நடுவே பாழடைந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்து ஜூலியஸ் சீசர் தோரணையில் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது. ரோம் சமாச்சாரமெல்லாம் காலடியில், மண்ணுக்குள். 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார், அவருக்குப் பின் கஸால், 1989 முதல் விமலா பெக்லி. கிடைத்தவை அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன, குழிகள் மூடிவிட்டன. 300 கிலோமீட்டர் தாண்டி வந்து மேடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமாவுக்கு ஏமாற்றமே இல்லை. எண்ணெய் மில் வைத்திருப்பவர். கட்டடம் அவருக்கு எதற்கு, சரக்கு விவரம் போதும்.

"என்னத்தக் கொண்டாந்தான், மாப்ள?"

இரண்டு காது வைத்த கூர்அடி ஜாடிகளில் திராட்சை மது, மீன் ஊறல், ஆலிவ் எண்ணெய் வந்தன என்றேன்.

"அப்பப் புதுச்சேரியில அப்போ இருந்தே சரக்கு கெடச்சிருக்குது" என்று முதல் செய்தியை ரசித்தார். மூன்றாவதில் முகம் மாறியது. "நல்லெண்ணெ ஆட்டற ஊருக்கு எண்ணெயக் கப்பல்ல ஏத்தி வந்தானா? தெகிரியந்தான்."

இங்கே இருந்த தங்கள் ஆட்களுக்காகவும் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதைச் சொன்னேன். "அப்படிச் சொல்லு" என்று சமாதானமானார்.

அவன் வாங்கிப் போனதைச் சொன்னபோதுதான் மாமா நிஜமாகவே நிமிர்ந்தார். மிளகு, துணி, மணிக்கற்கள். அதில் பச்சைக்கல் நம் படியூர்ப் பக்கத்தது. காங்கயத்திலிருந்து திருப்பூர் போகிற ரோட்டில், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நாம் தாண்டிப் போகும் அதே படியூர். நொய்யல் கரையில் கொடுமணலில் கல்லறுத்து மணி கோத்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் பேர் வாங்கிய ஊர் அது. பதிலுக்கு வந்த ரோமக் காசு கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது, வெள்ளலூரில் 1842இல் புதையலாகவே வந்தது. ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸும் டைபீரியஸும் வாழ்ந்த காலத்தில் கொங்கு நாட்டில் எத்தனை பேருக்கு அவர்களைத் தெரியுமோ, தலை பொறித்த காசை மட்டும் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"தங்கமும் வெள்ளியுமாவா குடுத்தான்? பாக்கி ஏதும் நிக்குதா?"

"இல்லீங் மாமா."

"ரொக்கப் பார்ட்டி!" மேட்டைப் பார்த்து மாமா ஒரு கும்பிடு போட்டார். அரிக்கமேட்டுக்கு அன்று கிடைத்த ஒரே உண்மையான மரியாதை அதுதான்.

கொடுமணலையும் ஒரு நாள் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "அதென்ன மாப்ள, பக்கத்துலதான இருக்குது, எப்ப வேணாலும் போலாம்" என்றார். கொங்கு நாட்டில் 'எப்ப வேணாலும்' என்று தள்ளிவைத்த காரியம் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது.

திரும்பும் வழியில் பிளினி கதையையும் சொன்னேன். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்கே போய்விடுகிறது என்று அந்த ரோமாபுரிப் பெரியவர் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துப் புலம்பினார். ஆடம்பரத்தின் மீதும் வீட்டுப் பெண்கள் மீதும் பழியையும் போட்டார். "வாங்கறப்ப இனிக்கும், பில்லு வந்தா அழுவான். எல்லாப் பார்ட்டியும் அப்படித்தான்" என்று மாமா வெகுநேரம் சிரித்தார்.

சிரித்து முடித்தபோது, புதுச்சேரி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பையை அத்தை மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே இத்தாலி ஆலிவ் எண்ணெய், இரண்டு பாட்டில். உடம்புக்கு நல்லதாம். மாமா பில்லை வாங்கி ஒரு முறை பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"சொந்த மில்ல வச்சுக்கிட்டு... ஏம்புள்ள, நம்ம காசெல்லாம் இப்படியே அவனூட்டுக்குப் போச்சுன்னா என்னாகறது?"

"காலங்காலமா நாம வாங்குன காசுதானுங்க" என்றார் அத்தை, "கொஞ்சம் திருப்பிக் குடுத்தா ஒண்ணும் கொறஞ்சுடாது."