வெயிலும் காற்றும் பங்காளிகள்

பூமி சூடாகச் சூடாக, மாடியில் உள்ள சோலார் பலகை கூடுதலாகக் கரண்ட் தரும்தானே?
*– வாசகர், தோவாளை*

தராது. பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு, பலகை 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்குமேல் டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறையும். மத்தியானம் பலகை 60 டிகிரியைத் தொட்டால் 12 சதவீதம் போச்சு! தளத்தோடு ஒட்டிவைக்காமல், அடியில் காற்றோட இடம் விடுங்கள். பருவநிலை மாற்றம் இன்னும் 2 டிகிரி கூட்டினாலும் அந்தச் சூட்டால் வரும் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவுதான். நாம் கவலைப்பட வேண்டியது வானத்தைப் பற்றி.

வருங்காலத்தில் வெயில் குறையும் என்கிறார்களே, சூரியனுக்கு வயதாகிவிட்டதா?
*– வாசகர், தக்கலை*

சூரியன் தெம்பாகத்தான் இருக்கிறது. குறுக்கே நிற்பவைதான் பெருகுகின்றன. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதோடு புகையும் தூசும் சேர்ந்து வெளிச்சத்தை மறிக்கின்றன. புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அடுத்த 50 ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதியில் சூரிய ஒளி குறையலாம் என்கிறது. ஆனால் ஐரோப்பாவைப் பாருங்கள்: 1980கள் வரை மங்கிவந்த வெயில், ஆலைப் புகையைக் கட்டுப்படுத்தியதும் தெளிந்தது.

கன்னிப்பூ நெல்லுக்கு ஒரு மழை, கும்பப்பூ நெல்லுக்கு ஒரு மழை. இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் சோலாரை நம்பலாமா?
*– வாசகர், பூதப்பாண்டி*

தாராளமாக நம்பலாம், காற்றையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டால். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையின் மேகம் மூடும் நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பாருங்கள். வேட்டியைப் பிடிக்க இரண்டு கை போதாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். மாசி, பங்குனியில் காற்று அடங்கும். அப்போது பலகை முழுமூச்சாக உழைக்கும். தமிழ்நாட்டில் காற்று மின்சாரத்துக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்கிறது அதே புணே ஆய்வு. இந்தப் பங்காளிகளை மட்டும் பிரித்துவிடாதீர்கள்!

ஓகி மாதிரி இன்னொரு புயல் வந்தால் பலகை பறந்துவிடாதா?
*– வாசகர், குளச்சல்*

2017 நவம்பர் 30-இல் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததை யாரும் மறக்கவில்லை. பலகையின் கால்களைக் கான்கிரீட்டில் ஊன்றுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துருப்பிடிக்காத போல்ட் போட்டு, மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொன்றையும் ஸ்பானரால் முறுக்கிப் பாருங்கள். இன்னொன்று: லைன் அறுந்தால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலைசெய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. இருட்டில் இருக்கக் கூடாதென்றால் பேட்டரியும் வையுங்கள்.

வெயில் மங்கும் என்று தெரிந்தும் இப்போது பணம் போடுவது சரியா?
*– வாசகர், கோட்டாறு*

இப்போதுதான் போட வேண்டும். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. உங்கள் மாடியில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியைக் குறைக்கும். வெயிலை மறைக்கும் புகையும் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவும் வருவது அங்கிருந்தும்தான். நாளைய வெயிலைக் காப்பாற்றும் வேலையை இன்றைய வெயிலைக் கொண்டே தொடங்கிவிடலாம்.