சவரக் கிண்ணவியல்: கொங்கு வீடுகளை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ஷேவிங் சோப்பை வீட்டில் எதில் போட்டு வைப்பது என்பதற்குத் தமிழில் இன்றுவரை இலக்கணம் இல்லை. நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பூவும் பறவையும் பறையும் வகுத்த முன்னோர், கண்ணாடிக்குக் கீழே நுரை காய்ந்து உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புலவர்கள் எல்லாரும் தாடிக்காரர்கள் என்று காலண்டர் படங்கள் காட்டுவது உண்மையானால் காரணம் விளங்கும். அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. எல்லை: வடக்கே தலைமலை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளியங்கிரி, கிழக்கே குளித்தலை எனப் பெரியோர் சொன்ன கொங்கு. சென்னைக்காரர்கள் தங்கள் கிண்ணத்தைத் தாங்களே ஆராய்ந்துகொள்ளட்டும்.

கிண்ணத்தின் வயது அதிகமில்லை. நாவிதர் அடப்பத்தோடு வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து மழித்த காலத்தில் வீட்டுக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது. ஜில்லெட் என்ற அமெரிக்கர் கழற்றி மாட்டும் பிளேடுக்கு 1904இல் காப்புரிமை வாங்கினார். சவரம் மெல்லத் திண்ணையிலிருந்து வீட்டுக்குள் வந்தது. சோப்பும் பிரஷ்ஷும் கூடவே வந்தன. எங்கே வைப்பது என்ற கேள்வி பின்னாலேயே வந்தது.

சோப்பின் குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குளிக்கிற சோப்பு பெரும்பாலும் சோடியத்தால் ஆனது. சவரச் சோப்பில் பொட்டாசியமும் சேரும், ஸ்டியரிக் அமிலம் தூக்கலாக இருக்கும். அதனால்தான் நுரை கெட்டியாக, சட்டென்று வற்றாமல் கன்னத்தில் நிற்கிறது. இதே குணத்தால் அடியில் தண்ணீர் நின்றால் ஒரே ராத்திரியில் கொழகொழவென்று ஆகிவிடும். ஆகவே நல்ல கலத்துக்கு இலக்கணம் மூன்று: நீர் தேங்கக் கூடாது, பிரஷ் சுழல இடம் வேண்டும், ஈரக் கையில் வழுக்கக் கூடாது. கோவைக்கு மட்டும் நான்காவது ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கும் காற்றில் ஜன்னல் மேடையிலிருந்து பறந்துபோகாத கனம் வேண்டும். அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த ஊரில் பிளாஸ்டிக் டப்பா எம்மாத்திரம்? வால்பாறைக்காரருக்குக் காற்று பொருட்டல்ல. சின்னக்கல்லாறு மழையில் சோப்பு காய்வதே அங்கே அபூர்வம். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே விதி செல்லாது.

தண்ணீரும் இதில் ஒரு கட்சி. சிறுவாணித் தண்ணீரில் பிரஷ்ஷை நாலு சுற்றுச் சுற்றினால் நுரை பொங்கும். போர் தண்ணீரில் சுண்ணச்சத்து அதிகம். சோப்பு நுரைக்காமல் திரிந்து, கிண்ணத்தின் உட்சுவரில் வெள்ளைப் படலமாக ஒட்டும். ஒரு வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று அறிய மாநகராட்சியைக் கேட்க வேண்டியதில்லை, சவரக் கிண்ணத்தை நகத்தால் சுரண்டினால் போதும்.

இனி பொருள் வகை. மண் கிண்ணம் ஈரத்தைத் தானே குடித்துவிடும்; ஏட்டளவில் இதுவே தலையாயது. நடைமுறையில் கை தவறிக் கீழே விழும் முதல் நாளே அதன் கடைசி நாள். பித்தளை அழகு, அனுப்பர்பாளையத்துக் கைவேலை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் சோப்பின் கொழுப்பமிலம் செம்பைத் தொட்டால் பச்சை பூக்கும். அந்தக் களிம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது யார் என்ற கேள்வியில் பித்தளை தோற்றது. அலுமினியம் சோப்பின் காரத்தில் கறுத்துப்போகும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய்த் தொட்டியை மட்டும் அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. மூன்று கண்ணில் ஒன்று மெலிந்தது. குச்சியால் குத்தினால் திறந்துகொள்ளும், காசில்லாமல் வடிகால் கிடைத்துவிடும். உருளாமல் நிற்க ஒரு பிரிமணை வேண்டும், அவ்வளவுதான். இத்தனை இருந்தும் அதை எவரும் வைத்துக்கொள்வதில்லை. விருந்தாளி பார்த்தால் என்ன நினைப்பார் என்பது வேதியியலுக்கு அப்பாற்பட்ட விசை.

மிஞ்சுவது எவர்சில்வர். இங்கேதான் ஆய்வு தன் மையத்தை அடைகிறது. கொங்கு வீட்டில் சவரக் கிண்ணம் என்று ஒன்று கடையில் வாங்கப்படுவதே இல்லை. அது சமையலறையிலிருந்து பதவி இறங்கி வருகிறது. பொரியல் கிண்ணமாகத் தொடங்கி, மூடி தொலைந்ததும் ஊறுகாய்க்கு மாறி, விளிம்பு நசுங்கியதும் கடுகுக்கு இறங்கி, ஒருநாள் குளியலறைக்கு நாடு கடத்தப்படுகிறது. ஆகவே ‘தேர்வு’ என்பதே இத்துறையில் பிழையான கலைச்சொல். நடப்பது பேச்சுவார்த்தை.

“ஏனுங்க, அந்தக் கிண்ணத்த எதுக்கு எடுத்தீங்க? எங்க அப்புச்சி சீர் குடுத்ததுங்க அது.”

“விளிம்புல நசுங்கிப்போச்சே அம்மிணி, சும்மாதான கெடக்குது?”

“நசுங்குனா தட்டி எடுத்துக்கலாமுங்க. சோப்பு நாத்தம் போகுமுங்களா?”

சீர்ப் பாத்திரம் என்றால் பெயர் வெட்டியிருக்கும். கடைக்காரர் மின்ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய தலைப்பெழுத்து, ஊர், கல்யாணத் தேதி. கிண்ணத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், காய்ந்த நுரைக்கு அடியில் ஒரு வம்சாவளியே தெரியும். இதைக் கண்டு எவரும் வியக்க வேண்டாம். இந்த மண்ணின் வழக்கம் அது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர், நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் கொடுமணல். அங்கே 1985 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஆதன் என்று பானையில் கீறி வைத்தவரும், இன்று எவர்சில்வரில் பெயர் வெட்டுபவரும் சொல்லவருவது ஒன்றே: இது எங்கள் வீட்டுப் பாத்திரம், திருப்பிக் கொடு. அந்தப் பானைகளில் எதுவும் கடைசியில் எந்த வேலைக்கு இறங்கியது என்று அறிஞர்கள் ஆராயாதது வருத்தமே.

எதிர்வாதம் ஒன்றை மறைப்பது ஆய்வு நெறியாகாது. சோப்பே வேண்டாம் என்றவர் இந்த ஊர்க்காரர்தான். 1893இல் கோவை அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, பேட்டரியில் ஓடும் சவரக் கருவி ஒன்றைச் செய்தார். ரேசண்ட் என்று பெயர். தண்ணீர் இல்லை, நுரை இல்லை, ஆகவே கிண்ணமும் இல்லை. கொள்கையளவில் எங்கள் துறையையே ஒழித்துக்கட்டிய கண்டுபிடிப்பு. நகரம் என்ன செய்தது? 1937இல் அவர் பங்கேற்றுச் செய்த மின்மோட்டாரை வாரி அணைத்துக்கொண்டு, மோட்டாரும் பம்பும் செய்தே பேர் வாங்கியது. சவரத்துக்கு மட்டும் நசுங்கிய கிண்ணத்தையே தேடிப் போயிற்று. தத்துவத்தில் இதற்கு விளக்கம் இருக்கலாம். மாமனார் வீட்டுச் சீரில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு எதிர்வாதம், சோப்பே தன் பிளாஸ்டிக் கப்போடு கடையில் கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது. ஆனால் சோப்பு தீர்ந்ததும் அந்தக் கப் சும்மா இருப்பதில்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர் வீட்டில் அதில் வாஷரும் நட்டும் குடியேறிவிடும். அடுத்த சோப்பு வீடில்லாமல் நிற்கும், சமையலறைப் பக்கம் கை நீளும்.

எந்தக் கலத்துக்கும் உண்மையான தேர்வு கார்த்திகையில் வரும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்று விட்டு விட்டுக் காய்ந்த சோப்பு, மலைக்கு மாலை போட்டதும் மண்டலக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும். சபரிமலை முடிந்து மூச்சு விடுமுன் தைப்பூசத்துக்குப் பழனி நடை. மூடியில்லாத கிண்ணத்தில் சோப்பு வெடித்துப் பாளம் பாளமாகும். மூடிய டப்பாவில் புழுங்கி வேறு வாசனை வரும். மூடி வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இன்றும் சண்டையிடுகிறார்கள். வீண் சண்டை. மூடி ஏற்கெனவே உப்பு ஜாடி மேல் இருக்கிறது.

இத்தனையும் படித்துவிட்டுப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடுவது என்று துணிபவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடையில் அகலமான, கனத்த, அடி தட்டையான கிண்ணமாகப் பார்த்து எடுக்கவும். காசு வாங்கியதும் கடைக்காரர் கேட்பார்: “பேர் வெட்டட்டுங்களா?” வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் கிண்ணமாகக் கொண்டுபோனால், அன்று சாயங்காலமே அது தயிர்க் கிண்ணமாகப் பதவி உயர்வு பெற்றுவிடும். ‘சோப்பு’ என்றே பெரிதாக வெட்டச் சொல்லவும்.