கடல் வேண்டாம், ஒரு தட்டி போதும்

அனுப்புநர்: செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக் குடிமகன்.
பெறுநர்: கடற்கரைக்கு வரும் சனங்களின் வசதியைக் கவனிக்கும் மேலதிகாரி அவர்கள். (அது யார் என்று நாலு இடத்தில் விசாரித்தேன். நாலு பேரும் பக்கத்து அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.)
பொருள்: ராமேஸ்வரம் தீவில் ஒரு பகல் கழித்தது தொடர்பாக.

ஐயா,

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை சூழ்ந்த ஊர் எங்களுடையது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை உலக மரபுச் சின்னமாக்கியது. பாறைச் சூடு மட்டும் குறையவில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கும் மரக்காணத்தில் கடல் உண்டு. ஆனால் அம்மாவுக்கு ராமேஸ்வரத்துக் கடல்தான் கடல், மற்றதெல்லாம் உப்பளம். கட்டுச்சோற்றோடு விழுப்புரத்தில் ராத்திரி ரயில் ஏறினோம்.

மறுநாள் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை. 2017-லிருந்து முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் பெண்கடல், தெப்பக்குளம் மாதிரி. மறுபக்கம் ஆண்கடல். அம்மா கால் நனைக்கத்தான் போனார், ஆண்கடல் இடுப்பு வரை நனைத்து அனுப்பியது.

புடவை மாற்ற ஒரு மறைவு தேடினோம். குளிக்காதே என்று பலகை இருந்தது, மறைவு இல்லை. பலகைக்குப் பின்னால் மாற்றலாம் என்றால் அம்மா பலகையைவிட அகலம். கடைசியில் அண்ணியும் அத்தையும் ஆளுக்கொரு முனையாகப் புடவையை விரித்துப் பிடித்தார்கள். மூன்றாவது முனையைக் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கொண்டு எழுத மாட்டேன், அம்மா இதைப் படிப்பார்.

சாப்பிட நிழல்? திரும்பும் வழியில் தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் இருந்தது. அதன் ஓரத்தில்தான் புளிச்சோறு பிரித்தோம். அன்று முழுக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே வசதி புயல் செய்துகொடுத்தது. அதற்கு எங்கள் நன்றியைத் தெரிவித்துவிடவும்.

எங்கள் கோட்டைக் கல்யாண மகாலில் அந்தக் காலத்திலேயே மண் குழாய் வைத்து மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். ராணி புடவை மாற்ற அறையும் இருந்திருக்கும். அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. நாலு கீற்றுத் தட்டியும் நாலு கழியும் போதும். நிதி இல்லையென்றால் செஞ்சியிலிருந்து நாங்களே கட்டி எடுத்து வருகிறோம். தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாங்கள் வந்து சேர்வதற்குள் அங்கே ‘தட்டி கட்டக் கூடாது’ என்று பலகை நட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் மணல் உதறிக்கொண்டிருப்பவன்.