பிள்ளை ஆடுகிறான், யார் கேட்கிறார்கள்?

கேள்வி: பத்து வயது மகன் ஆன்லைனில் விளையாடுகிறான். வெறும் விளையாட்டுதானே, அதில் திருட என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகனே இருக்கிறானே! அவன் பெயர், குரல், எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு பேசுகிறான் எல்லாமே சரக்குதான்.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரித்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் 27.5 கோடி டாலர் அபராதம் கட்ட நிறுவனம் சம்மதித்தது.

என்னை உறுத்துவது அந்தத் தொகை அல்ல. அப்போது ஆட்டத்தில் குரல் அரட்டை தானாகவே திறந்திருந்தது. குழந்தையின் காதில் முன்பின் தெரியாத ஆள் பேச முடிந்தது. 'இதை மாற்றுங்கள்' என்று 2017-லேயே ஊழியர்கள் மன்றாடியிருக்கிறார்கள் என்கிறது ஆணையம். பிறகு அதை அணைக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். ஆட்டத்தில் ஒளிந்திருக்கும் எதிரியைப் பிடித்துவிடலாம், அந்தப் பொத்தானைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம்! பிள்ளையின் விவரங்களை அழிக்கச் சொன்ன பெற்றோரையும் அலையவிட்டார்களாம். இப்படிப்பட்டவர்களை எப்படி நம்புவது?

நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்கிறது. அந்தச் சம்மதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடாதீர்கள், அம்மா. இன்றைக்கே மகன் பக்கத்தில் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்து, குரல் அரட்டையை நிறுத்துங்கள். உங்கள் கார்டு எண் விளையாட்டுக் கணக்கில் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.